கேட்டுத்தான் பாருங்களேன்: சூலூர் ஆகாசத்து தோட்டாவும் கத்தியும்

போன இதழ்ல, கோயமுத்தூர் பக்கத்துல விமானப்படை தளம் இருக்குற நம்ம சூலூர் மேல பறக்குற தேஜஸ் சண்டை விமானத்த பத்தி போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதாங்க, லெட்டரும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சிருச்சு. அதனால இந்த தடவ முழுக்க ஏரோப்ளேன்தான். தேங்கா வெல பத்தியும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத் தண்ணி பத்தியும் கேட்டவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கே: எங்க தோப்பு மேல தெனமும் முக்கோண ரெக்கை வச்ச பிளேன் ஒண்ணு போகுது. பசங்க அத ஸ்குவாட்ரன்னு சொல்றானுங்க. அது பிளேனோட பேருங்களா?
தென்னந்தோப்புக்காரர், செலக்கரிச்சல்

இல்லீங்ணா. பிளேனோட பேரு தேஜஸ், பெங்களூர் எச்.ஏ.எல். கம்பெனியில செய்யுறது, 2001 ஜனவரி 4-ம் தேதி மொதமொதல்ல பறந்துச்சு, பேரு வெச்சது 2003-ல அப்ப பிரதமரா இருந்த வாஜ்பாய். ஸ்குவாட்ரன்ங்கறது அந்த பிளேனுங்கள வச்சிருக்குற யூனிட்டு. ஒரு 16, 18 பிளேன், அத ஓட்டுற பைலட்டுங்க, பழுது பாக்குற டெக்னீஷியனுங்க, ஆயுதம் மாட்டுறவங்க, மேல ஒரு கமாண்டிங் ஆபீசர், எல்லாஞ் சேந்தாத்தான் ஒரு ஸ்குவாட்ரன். அதுக்குன்னு ஒரு நம்பர், ஒரு பட்டப்பேரு, ஒரு முத்திரை, ஒரு குறிக்கோள் வாசகம் எல்லாம் இருக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா பிளேன் மாறிப்போகும், ஆளுங்க ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா மாறிட்டே இருப்பாங்க, ஊரே கூட மாறிப்போகும், ஆனா நம்பரும் பேரும் மட்டும் மாறாது. நம்ம பக்கம் கூட்டம்னு சொல்றோமில்லீங்க, பொழப்புக்கு திருப்பூர் போனாலும் துபாய் போனாலும் கூட்டமும் குலதெய்வமும் மாறுதுங்களா, அந்த கணக்குதான். அதனால ஒரு ஸ்குவாட்ரனோட கதைய கேக்கறவங்க பிளேன் பின்னாடியும் போகக்கூடாது ஊர் பின்னாடியும் போகக்கூடாது, நம்பர் பின்னாடிதான் போகோணும். இன்னைக்கு உங்க தோப்பு மேல போறது 45-ம் நம்பர் ஸ்குவாட்ரன், பறக்கும் கத்திகள்னு பேரு. 2024 வரைக்கும் 18-ம் நம்பரும் இங்கதான் இருந்துச்சு, அவங்க பறக்கும் தோட்டாக்கள்.

கே: இன்டர்செப்டர்னா என்ன? சண்டை விமானம்னா எல்லாம் ஒண்ணுதானே?
கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

ஒண்ணில்ல தம்பி. எதிரி ஊருக்குள்ள போயி குண்டு போடுறது ஒரு வேல. அவன் நம்ம ஊருக்குள்ள வர்றப்ப பாதியிலயே மறிச்சு அடிக்கறது இன்னொரு வேல, இன்டர்செப்டர்ங்கறது இந்த ரெண்டாவது ஆளு. மறிக்கறதுக்கு மொதல்ல வேண்டியது நேரம். ரேடார்ல ஒரு புள்ளி தெரிஞ்சதும் கீழ உக்காந்திருக்குற கன்ட்ரோலரு எந்த தெசை, எவ்வளவு உயரம்னு சொல்லுவாரு, பைலட்டு அதுக்குள்ள மேல போயிருக்கணும். அதுக்காக ரன்வே முனையிலயே ரெண்டு பிளேன ஆயுதம் மாட்டி ரெடியா நிப்பாட்டி வெச்சிருப்பாங்க, பைலட்டும் சூட்டு போட்டுக்கிட்டே பக்கத்துல உக்காந்திருப்பாரு, நெலம மோசம்னா காக்பிட்டுக்குள்ளயே பெல்ட்டு மாட்டி உக்காந்துருவாரு. சிக்னல் வந்தா நிமிசக் கணக்குல ஏறிரணும், இதத்தான் ஸ்கிராம்பிள்னு சொல்றது. நாள் கணக்கா ஒண்ணுமே நடக்காம உக்காந்திருந்து, திடீர்னு ஒரு நாள் ரெண்டு நிமிசத்துல எல்லாம் முடிஞ்சு போற வேல அது.

இப்ப வர்ற தேஜஸ் மாதிரி பிளேனுங்க ரெண்டு வேலயும் செய்யும், அதனால தனியா இன்டர்செப்டர்னு பிரிக்கற பழக்கம் கொறஞ்சுபோச்சு. ஆனா அந்த ரெண்டு நிமிச வேலன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா கீழ டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு வாங்க.

கே: பறக்கும் தோட்டாக்கள்ல, போர் வீரத்துக்கு குடுக்கற நாட்டோட பெரிய விருதான பரம்வீர் சக்ரா வாங்குனவர் ஒருத்தர் இருந்தார்னு என் ஸ்டூடன்ட் சொல்றான். அவரு சூலூர்லதான் இருந்தாரா?
ஆசிரியை, அன்னூர்

இல்லீங்க அம்மணி, அவர் காலத்துல இந்த ஸ்குவாட்ரனுக்கும் சூலூருக்கும் சம்பந்தமே கெடையாது. ஆனா பையன் சொன்னது சரி, அவன ஒருக்கா தட்டிக்கொடுங்க.

18-ம் நம்பர் ஸ்குவாட்ரன 1965 ஏப்ரல் 15-ம் தேதி ஆரம்பிச்சாங்க. குறிக்கோள் வாசகம் தீவ்ர அவுர் நிர்பய, அதாவது வேகமும் அஞ்சாமையும். கையில குடுத்த பிளேன் நேட். அத நேர்ல பாத்தா இதையா சண்டைக்கு அனுப்புனாங்கன்னு தோணும், நீளம் 9 மீட்டர்தான், ரெண்டு ரெக்கையும் சேத்து நுனிக்கு நுனி 7 மீட்டர் கூட வராது. இங்கிலாந்துக்காரன் ஃபோலண்ட் கம்பெனி டிசைன் பண்ணது, அவன் நாட்டு விமானப்படையே அத சண்டை விமானமா எடுத்துக்கல, பயிற்சிக்கு வேணா இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டாங்க. நாமதான் எடுத்து, பெங்களூர்லயே செஞ்சு, சண்டைக்கும் விட்டோம். கோளாறு இல்லாம இல்ல, துப்பாக்கி திடீர்னு சிக்கிக்கும், ஹைட்ராலிக்ஸ் தகராறு பண்ணும், ரொம்ப தூரம் போகாது. ஆனா சின்ன உருவம்ங்கறதால எதிரி கண்ணுக்கு சுளுவா சிக்காது, சட்டுனு திரும்பும், சர்ருனு ஏறும், 30 மில்லிமீட்டர் பீரங்கி ரெண்டு இருக்குது. 1965 சண்டையில பாகிஸ்தானோட அமெரிக்க சேபர் விமானங்கள இது வெரட்டுன வெரட்டுல சேபர் ஸ்லேயர்னே, அதாவது சேபர கொல்றவன்னே பேரு வாங்கிருச்சு.

இப்ப 1971-க்கு வாங்க. காஷ்மீர் விசயமா 1948 வாக்குல போட்ட சர்வதேச உடன்பாட்டுப்படி ஸ்ரீநகர்ல வான் பாதுகாப்பு விமானம் எதையும் நிப்பாட்டக்கூடாதுன்னு இருந்துச்சு, அதனால டிசம்பர்ல சண்டை தொடங்குன அப்பறந்தான் 18-ம் ஸ்குவாட்ரனோட நேட் குழு ஒண்ணு அங்க நின்னுச்சு. சுத்தியும் மலை, ஊசியா குளுரு, அந்த உயரத்துக்கு இவங்க பழகுனவங்களும் இல்ல. அந்த குழுவுல ஒருத்தர்தான் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். பஞ்சாப்ல லூதியானா பக்கத்து கிராமம், அவங்கப்பாவும் விமானப்படையிலதான் இருந்தவரு, இவரு 1967-ல ஆபீசரா பொறுப்பு வாங்கி வந்தாரு. யாரப் பாத்தாலும் பிரதர் பிரதர்னு கூப்புடுவாராம், அதனால எல்லாருஞ் சேந்து அவருக்கே பிரதர்னு பேரு வெச்சுட்டாங்க.

டிசம்பர் 14 காலையில பெஷாவர்ல இருந்து 6 சேபர் எஃப்-86 ஸ்ரீநகர் ஏர்ஃபீல்டு மேல வந்துருச்சு. அந்த பள்ளத்தாக்குல ரேடார நம்பி உக்காந்திருக்க முடியாது, மலைமேல இருக்கற பார்வையாளர் போஸ்ட்டு ஆளுங்க சொன்னாத்தான் தெரியும், அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பிளேன் தலைக்கு மேல நிக்கும். அன்னைக்கு ரெடியா இருந்தது ரெண்டு நேட்டு. முன்னாடி போனவர் ஃபிளைட் லெப்டினன்ட் கும்மன், ரெண்டாவது செகோன். இவங்க ரன்வேயில ஓடிட்டு இருக்கறப்பவே குண்டு விழ ஆரம்பிச்சிருச்சுங்க. எந்த ரூல் புக்கும் அந்த நேரத்துல மேல ஏறுன்னு சொல்லாது. செகோன் அந்த புழுதிக்குள்ளயே ஏறுனாரு. ஏறுன கையோட கும்மனோட பிளேன் இவரு கண்ணுக்கு மறைஞ்சுபோச்சு, அவருக்கும் இவர தெரியல, ஆக மேல நடந்தது ஒத்த ஆளு சண்டைதான்.

ரெண்டு சேபருக்கு பின்னாடி இருக்கேன், விடமாட்டேன்னு ரேடியோல சொல்லியிருக்காரு. விருது பத்திரத்துல ஒரு சேபர்ல அடி விழுந்துச்சுன்னும் இன்னொண்ணு தீப்புடிச்சுதுன்னும் எழுதியிருக்குது. அதுக்குள்ள மத்த சேபருங்க இவர் பின்னாடி வந்துருச்சுங்க. மரத்து ஒசரத்துல வட்டம் போட்டுக்கிட்டே, ஒத்தைக்கு நாலுன்னு நடந்த சண்டை அது. கடைசியா எனக்கு அடி பட்டுருச்சுன்னு நெனைக்கறேன், கும்மன் நீங்க வந்து புடிங்கன்னு சொன்னதுதான் அவர் பேசுன கடைசி பேச்சு. பிளேன் பக்கத்து மலை இடுக்குல விழுந்துச்சு, குதிக்க முயற்சி பண்ணிருக்காரு, உயரம் பத்தல. உடம்பு கெடைக்கவே இல்ல, ராணுவமும் விமானப்படையும் எவ்வளவோ தேடிப் பாத்தாங்க.

இதுவரைக்கும் 21 பேருக்கு பரம்வீர் சக்ரா குடுத்திருக்காங்க, அதுல விமானப்படைக்காரர் இவர் ஒருத்தர்தான். 2023 ஜனவரியில அந்தமான்ல 21 தீவுக்கு 21 பேரோட பேர வெச்சாங்க, ஒண்ணு செகோன் தீவு. சண்டையில ஜெயிச்சாரா தோத்தாராங்கற கணக்க நான் பாக்கறதில்லீங்க டீச்சர். அன்னைக்கு அவர் கீழ ஷெல்டர்ல உக்காந்திருந்தா யாரும் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாங்க, என்னய நிக்க வெக்கறது அந்த எடந்தான்.

கே: அந்த ஸ்குவாட்ரன நடுவுல மூடிட்டாங்கன்னு படிச்சேன். அவ்ளோ பேரு வாங்குனத எதுக்கு மூடுனாங்க?
வாசகர், கோபி

மூடல, நம்பர் பிளேட் பண்ணாங்க. பிளேன் வயசாகிப்போச்சு, மாத்து பிளேன் வரல, அப்பன்னா ஸ்குவாட்ரன கலைச்சு, நம்பரையும் கொடியையும் வரலாத்தையும் பத்திரமா எடுத்து வெச்சிருவாங்க, புது பிளேன் வந்தா அதே நம்பர்ல மறுபடி எழுப்பலாம். 18-ம் ஸ்குவாட்ரன் நேட்டுக்கு அப்பறம் மிக்-27 ஓட்டுச்சு, அது கீழ இருக்கற டாங்கிய, பாலத்த அடிக்கற பிளேன், அதாவது மறிக்கற வேலையில இருந்து இவங்க அடிக்கற வேலைக்கு போயிட்டாங்க. 2015 நவம்பர்ல ஸ்குவாட்ரனுக்கு மரியாதையா ஜனாதிபதி கொடி குடுத்தாங்க, அடுத்த வருசம் ஏப்ரல் 15-ம் தேதி நம்பர் பிளேட் பண்ணிட்டாங்க. பொறந்த நாளும் அதே ஏப்ரல் 15, கவனிச்சீங்களா, 51 வருசம் கழிச்சு.

அப்பறம் 2020 ஏப்ரல் 1-ம் தேதி, நாமெல்லாம் ஊரடங்குல வீட்டுக்குள்ள பல்லாங்குழி ஆடிட்டு இருந்த நேரத்துல, சூலூர்ல இந்த ஸ்குவாட்ரன மறுபடி எழுப்புனாங்க. மே 27-ம் தேதி விமானப்படை தளபதி பதௌரியா நேர்ல வந்து, அவரே தேஜஸ்ல ஒரு ரவுண்டு பறந்துட்டு, தொடங்கி வெச்சாரு. முழு அனுமதி வாங்குன தேஜஸ் ரகம் மொதமொதல்ல வந்து எறங்குனது இவங்க கையிலதான், வானத்துலயே எண்ணெய் போட்டுக்கற வசதியெல்லாம் அதுல உண்டு.

விமானப்படைக்கு 42 ஸ்குவாட்ரன் வேணும்னு அனுமதி இருக்குது. 2025 செப்டம்பர் 26-ல கடைசி மிக்-21-ங்கள சண்டிகர்ல வழியனுப்புனதும் கையில நின்னது 29. எடுத்து வெச்ச நம்பருங்க நெறய காத்துக்கிட்டு இருக்குது, பிளேன் வர்ற வேகந்தான் பத்தல. இதுல எச்.ஏ.எல். மேல தப்பா, இன்ஜின் அனுப்புற அமெரிக்கா கம்பெனி மேல தப்பான்னு டீக்கடையில பேசிக்கலாம், ரெண்டுலயும் கொஞ்சம் உண்டுங்கறது என் எண்ணம்.

கே: 45-க்கு கதை எதும் இல்லீங்களா? எல்லாரும் 18-ஐயே பேசறாங்க.
விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

இருக்குதுங்க, கொஞ்சம் கசப்பும் சேந்தே இருக்குது. 1959 நவம்பர்ல வாம்பயர் பிளேனோட ஆரம்பிச்சது. 1965 செப்டம்பர் 1-ம் தேதி பொழுதோட ஜம்மு பக்கம் சாம்ப் பகுதியில பாகிஸ்தான் டாங்கிங்க உள்ள வந்துருச்சுன்னு தரைப்படை அவசரமா கேக்க, இவங்கள அனுப்புனாங்க. வாம்பயரு அப்பவே பழைய சரக்கு, எதுத்து வந்தது சேபரு. அன்னைக்கு ஒரே சாயங்காலத்துல 4 வாம்பயர இழந்துட்டோம். அதுக்கப்பறம் அத முன்வரிசை சண்டையில இருந்தே எடுத்துட்டாங்க. தெரிஞ்சே பழைய பிளேன அனுப்புனாங்களான்னா, வேற வழி இல்லாம அனுப்புனாங்கன்னுதான் சொல்லோணும், போனவங்க தயங்கல.

அப்பறம் மிக்-21. 1999 ஆகஸ்ட் 10-ம் தேதி, கார்கில் முடிஞ்சு சில வாரந்தான் ஆகுது, கட்ச் பக்கம் எல்லையில பாகிஸ்தான் கடற்படையோட அட்லான்டிக் ரக ரோந்து விமானம் ஒண்ணு வந்துச்சு. குஜராத் நலியா தளத்துல இருந்து ஏறுன இந்த 45-ம் ஸ்குவாட்ரன் மிக்-21 தான் அத ஏவுகணை விட்டு சாய்ச்சுது. உள்ள இருந்த 16 பேரும் போயிட்டாங்க. எங்க எல்லைக்குள்ள இருந்துச்சுன்னு அவங்களும், உள்ள வந்துருச்சுன்னு நாமளும் சொன்னோம், சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போயி, இத விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு அவங்க சொல்லிட்டாங்க. இன்டர்செப்டர் வேலைக்கு பாடப்புத்தகம் மாதிரியான சம்பவம்தான், ஆனா கொண்டாடுற அளவுக்கு எனக்கு மனசு வர்றதில்லீங்க.

2016 ஜூலை 1-ல பெங்களூர்ல ரெண்டே ரெண்டு தேஜஸ வெச்சு இத மறுபடி எழுப்புனாங்க, இந்தியாவோட மொத தேஜஸ் ஸ்குவாட்ரன். 2018 ஜூலையில சூலூர் வந்துச்சு. போன வருசம் நவம்பர் 21-ல, அதாவது 2025-ல, துபாய் ஏர் ஷோவுல பறந்து காட்டறப்ப விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் எறந்தாரே, அவரு இந்த சூலூர் ஸ்குவாட்ரன்காரர்தான். ஊரு இமாச்சல், ஆனா உடம்பு மொதல்ல வந்து எறங்குனது நம்ம சூலூர்லதான்.

கே: 18-ஐ எதுக்குங்க நம்ம ஊர விட்டு தாட்டி விட்டாங்க? இங்க என்ன கொறச்சல்?
ஆட்டோ ஓட்டுநர், சிங்காநல்லூர்

கொறச்சல் ஒண்ணுமில்லீங்க. புது ஸ்குவாட்ரன் நிக்கறதுக்கு சூலூர் தோதான எடம். எல்லையில இருந்து வெகு தூரம், பெங்களூர் ஃபேக்டரி கிட்டக்க, கோளாறுன்னா வெருசா ஆள் வரும், பைலட்டுங்க நிதானமா பழகிக்கலாம். நல்லா பழகுனதுக்கு அப்பறம் அவங்கள முன்வரிசைக்கு அனுப்பறதுதான மொறை. 2024-ல போனது எங்கன்னு பாத்தீங்கன்னா அதே நலியா. அங்க இருந்து பேரு வாங்குன 45 இங்க வந்து உக்காந்துருச்சு, இங்க மறுபடி பொறந்த 18 அங்க போயிருச்சு. தெக்க நம்ம பக்கம் வெறுமனே விட்டாங்கன்னும் நெனைக்காதீங்க, தஞ்சாவூர்ல 2020-ல இருந்து சுகோய்-30 ஸ்குவாட்ரன் ஒண்ணு பிரம்மோஸ் ஏவுகணையோட நிக்குது.

கே: சில நாள் டமார்னு சத்தம் வந்து சன்னல் அதிருது, பாறைக்குழியில வெடி வெச்சாங்களான்னு பயந்துக்கறோம்.
குடும்பத்தலைவி, சுல்தான்பேட்டை

பாறைக்குழியாவும் இருக்கலாம், பிளேனாவும் இருக்கலாம். சத்தத்தோட வேகம் மணிக்கு சுமார் 1,225 கிலோமீட்டர், பிளேன் அத தாண்டுறப்ப முன்னாடி இருக்கற காத்து ஒதுங்க நேரமில்லாம நசுங்கி அதிர்வலையா கீழ வந்து அடிக்கும். ஒரே ஒரு அடி, இல்ல ரெண்டு அடி ஒட்டுனாப்புல வரும், தரை அதிராது, சன்னல் கண்ணாடிதான் அதிரும். குழி வெடின்னா காலுக்கு கீழ தெரியும்.

கே: சூலூர்ல அந்தக் காலத்துல நேவி இருந்துச்சுன்னு எங்கப்பாரு சொல்லுவாரு. கடலே இல்லாத ஊர்ல நேவியா? கதை உட்டாரா?
ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, இருகூர்

உங்கப்பாரு சொன்னது நெசந்தானுங்க! ரெண்டாம் உலகப்போர் சமயம் பிரிட்டிஷ் கடற்படை, கப்பல்ல இருந்து பறக்கற பிளேனுங்கள நிறுத்தவும் பழுது பாக்கவும் கோயமுத்தூர் பக்கத்ததான் புடிச்சுது. சூலூர் தளத்துக்கு எச்.எம்.எஸ். வைரின்னும், கோயமுத்தூர் பழுதுபாக்கற யார்டுக்கு எச்.எம்.எஸ். கருடான்னும் கப்பலுக்கு வெக்கறாப்புல பேரு வெச்சாங்க. சுதந்திரத்துக்கு அப்பறம் நம்ம கடற்படை விக்ராந்த் கப்பல் வாங்குச்சு, அதுல பறக்க வேண்டிய சீ ஹாக் ஜெட்டுங்களுக்கு கரையில ஒரு வீடு வேணுமில்லீங்களா, அதுவும் சூலூர்தான். ஐ.என்.எஸ். ஹன்சான்னு 1961 செப்டம்பர்ல தொடங்குனாங்க. அதே டிசம்பர்ல கோவா நம்ம கைக்கு வந்துச்சு, அங்க டபோலிம்ல கடல் ஓரத்துலயே ரெடியா ரன்வே கெடைச்சிருச்சு, 1964-ல மூட்ட முடிச்சு கட்டி போயிட்டாங்க. இன்னைக்கும் கோவாவுல ஐ.என்.எஸ். ஹன்சா இருக்குது, பொறந்த வீடு நம்மூரு.

கே: என் பொண்ணு பிளஸ் ஒன். ஃபைட்டர் பைலட் ஆகோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஒறம்பரையெல்லாம் சிரிக்கறாங்க.
ஒரு அம்மா, உடுமலை

சிரிக்கறவங்க சிரிக்கட்டும். மொதல்ல பிளஸ் டூவுல கணக்கும் இயற்பியலும் வேதியியலும் இருக்குதான்னு பாருங்க, என்.டி.ஏ.ங்கற தேசிய பாதுகாப்பு அகாடமி வழியா விமானப்படைக்கு போக அது மூணும் கட்டாயம், பொண்ணுங்களுக்கு 2022-ல இருந்து அங்க எடம் உண்டு. அது தவறுனா டிகிரி முடிச்சுட்டு விமானப்படையோட ஏ.எஃப்.கேட் நுழைவுத்தேர்வு எழுதலாம், பறக்கற பிரிவுக்கு வயசு 20-ல இருந்து 24. கண்ணு பரிசோதனைய இப்பவே ஒரு தடவ பாத்துக்கங்க, நெறய பேர் அங்கதான் நிக்கறாங்க.

உங்கூருக்கு பக்கத்துலயே அமராவதிநகர் சைனிக் ஸ்கூல் 1962-ல இருந்து இருக்குது, இப்ப பொண்ணுங்களையும் சேத்துக்கறாங்க, ஆனா ஆறாவதுலயும் ஒம்பதாவதுலயுந்தான் சேர முடியும், உங்க பொண்ணுக்கு வயசு தாண்டிருச்சு, சின்னவ இருந்தா பாருங்க. அப்பறம் சிரிக்கற ஒறம்பரைகிட்ட இத சொல்லுங்க: 2016 ஜூன்ல இந்தியாவோட மொத மூணு பெண் ஃபைட்டர் பைலட்டுங்க வந்தாங்க, அதுல ஒருத்தர் மோகனா சிங், தேஜஸ் ஓட்டுன மொத பெண் அவங்கதான். சேந்தது எந்த ஸ்குவாட்ரன்ல தெரியுங்களா, 18-ல.

கே: பேஸுக்குள்ள போயி பிளேன கிட்ட இருந்து பாக்க முடியுமா?
ஏழாம் வகுப்பு மாணவன், சூலூர்

சும்மா போக முடியாது கண்ணு. எப்பவாச்சும் ஸ்கூல்காரங்களுக்கு அனுமதி குடுப்பாங்க, உங்க ஹெச்.எம். லெட்டர் எழுதிப் பாக்கலாம். 2024 ஆகஸ்ட்ல தரங் சக்தின்னு பயிற்சி நடந்தப்ப ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து பிளேனெல்லாம் நம்ம சூலூருக்கு வந்துச்சு, அந்த மாதிரி மறுபடி வந்தா உங்கூட்டு மொட்ட மாடியே போதும். ரோட்டோரம் காம்பவுண்டு கிட்ட நின்னு ஃபோன்ல வீடியோ மட்டும் எடுத்துராத.

கே: காங்கேயம்பாளையம் பக்கத்துல மண்டபம் புடிச்சிருக்கோம். தம்பி கல்யாணத்துக்கு ட்ரோன் விட்டு ஷூட் பண்ணலாமுங்களா?
மாப்பிள்ளையோட அண்ணன், கலங்கல்

ஏனுங்க, இவ்வளவு நேரம் என்ன எழுதிட்டு இருந்தேன்! தளத்துக்கு பக்கத்துல ட்ரோன் விடறதுக்கு 2021 ட்ரோன் விதிப்படி கட்டுப்பாடு இருக்குது, அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்புல உங்க மண்டபம் எந்த கலர்ல வருதுன்னு பாருங்க, சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம ஒரு அடி கூட மேல ஏத்தக்கூடாது. ஃபோட்டோக்காரர் அதெல்லாம் பாத்துக்கலாங்ணான்னு சொல்லுவாரு, நம்பாதீங்க, போலீஸ் வந்தா மொதல்ல காணாப்போறது அவர்தான். பெரிய ஏணி ஒண்ணு வாடகைக்கு எடுத்து மேல இருந்து எடுக்கச் சொல்லுங்க, படம் நல்லாவே வரும். பத்திரிகை ஒண்ணு நமக்கும் அனுப்புங்க.